முதல் குவில்ட் பிளாக்: நைன் பேட்ச்சா, ரெயில் ஃபென்ஸா, லாக் கேபினா?

ஒட்டுத்துணிப் போர்வை, அதாவது குவில்ட், தைக்கக் கிளம்புகிறவர்களுக்கு எல்லாரும் சொல்கிற ஆலோசனை ஒன்று உண்டு: நைன் பேட்ச்சில் ஆரம்பியுங்கள். இது ஒரு பிளாக், அதாவது துணித் துண்டுகளை இணைத்துத் தைத்த ஒரு சதுரம்; இப்படிப் பல பிளாக்குகள் சேர்ந்தால் போர்வை. ஒன்பது சதுரம், மூன்று வரிசை, எல்லாமே நேர்த்தையல். கேட்கச் சுலபமாகத்தான் இருக்கிறது. கையால் தைக்கிறவருக்கு நானும் அதையே சொல்வேன். ஆனால் தையல் மெஷினில் உட்காரப் போகிறவருக்கு அதைவிட நல்ல ஆரம்பம் இருக்கிறது.

எது சுலபம் என்று பார்க்கும்போது நாம் துண்டுகளை எண்ணுகிறோம். நாலு துண்டு என்றால் சுலபம், பதிமூன்று என்றால் கஷ்டம். இந்தக் கணக்கு அவ்வளவாக உதவாது. பார்க்க வேண்டியது வேறு: தையல் கொஞ்சம் தள்ளிப் போனால் அந்தப் பிசகு எங்கே போய்ச் சேருகிறது? சில பிளாக்குகள் அதைச் சத்தமில்லாமல் விழுங்கிவிடும். சில பிளாக்குகள் அதைக் கொண்டுபோய் நட்ட நடுவில், பார்க்கிற எல்லார் கண்ணிலும் படுகிற இடத்தில் வைக்கும்.

பிசகு எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடலாம். குவில்ட் தையலில் விளிம்பிலிருந்து ¼ இன்ச் உள்ளே தைப்பது வழக்கம். ஒவ்வொரு துண்டுக்கும் இரண்டு பக்கமும் ¼ இன்ச் தையலுக்குள் போய்விடுவதால், தைத்து முடித்தபின் தெரிய வேண்டிய அளவோடு ½ இன்ச் சேர்த்து வெட்ட வேண்டும். 3 இன்ச் சதுரம் வேண்டுமென்றால் 3½ இன்ச். இப்போது ஒவ்வொரு தையலும் வெறும் 1/16 இன்ச், அதாவது ஒன்றரை மில்லிமீட்டர் போல, உள்ளே தள்ளி விழுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். தையலின் இரு பக்கத் துண்டுகளிலும் அது குறைவதால் ஒரு தையலுக்கு ⅛ இன்ச் நஷ்டம். நைன் பேட்ச்சில் ஒரு வரிசைக்கு இரண்டு தையல், ஆக ¼ இன்ச் குறையும். 9½ இன்ச் வரவேண்டிய பிளாக் 9¼ இன்ச்சில் நிற்கும். நடுச் சதுரத்தைச் சுற்றிப் பட்டைகளைத் தைக்கிற லாக் கேபினில், மூன்று சுற்று என்றால், ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்புக்கு ஆறு தையல் வருகிறது. அங்கே ¾ இன்ச் காணாமல் போகும்.

அதனால் எந்த பிளாக்கை எடுத்தாலும், நல்ல துணியில் கை வைப்பதற்கு முன் இந்தச் சோதனையைச் செய்துவிடுங்கள். 1½ இன்ச் அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி, பக்கத்தில் பக்கத்தில் தைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை அளந்து பாருங்கள். சரியாக 1 இன்ச் இருந்தால் உங்கள் ¼ இன்ச் சரி. குறைவாக இருந்தால் தையலை ஓரிரு இழை வெளியே நகர்த்துங்கள். மெஷின் பாதத்தின் விளிம்பைக் கணக்கு வைத்துத் தைத்தால் போதும் என்று நம்ப வேண்டாம். எல்லா மெஷினிலும் அது ¼ இன்ச்சாக இருப்பதில்லை. ஊசித் தட்டில் ஒரு டேப்பை ஒட்டி, துணி விளிம்பை அதன் ஓரமாக ஓட்டுவது நம்பகமானது.

சரி, பிளாக்குகளுக்கு வருவோம். ஃபோர் பேட்ச்சை நான் சீக்கிரமாகக் கடந்துவிடுகிறேன். நாலு சதுரம், நடுவில் தையல் கோடுகள் கூடுகிற ஒரே ஒரு சந்திப்பு. 4½ இன்ச் சதுரங்களாக வெட்டித் தைத்தால் 8 இன்ச் பிளாக். குழந்தையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சொல்லித்தர நல்லது. பெரியவர்களுக்கு நாலைந்து பிளாக்கிலேயே அலுத்துவிடும். அந்த ஒற்றைச் சந்திப்பும் நட்ட நடுவில் இருப்பதால், பிசகினால் மறைக்க இடமே கிடையாது.

நைன் பேட்ச்சில் அப்படிப்பட்ட சந்திப்புகள் நாலு. கறுப்பு-வெள்ளைக் கட்டம் மாதிரி அழுத்தமான நிறங்களைப் போட்டால் ஒரு மில்லிமீட்டர் விலகல்கூடத் தெரியும். ஆனால் இந்த பிளாக்கில் ஒரு அழகான ஏற்பாடு ஒளிந்திருக்கிறது. ஐந்து அடர்நிறச் சதுரம், நாலு வெளிர்நிறச் சதுரம் என்று எடுத்தால், முதல் வரிசையும் மூன்றாவது வரிசையும் அடர்-வெளிர்-அடர், நடு வரிசை வெளிர்-அடர்-வெளிர். ஒவ்வொரு தையலின் உள்மடிப்பையும் அடர்நிறத் துணியின் பக்கமாகச் சாய்த்து இஸ்திரி போடுங்கள். முதல் வரிசையில் மடிப்புகள் வெளிப்பக்கம் சாயும், நடு வரிசையில் உள்பக்கம் சாயும். இரண்டு வரிசைகளையும் நல்ல பக்கம் உள்ளே வருமாறு சேர்த்து வைக்கும்போது எதிரெதிர் மடிப்புகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பூட்டுப் போட்டதுபோல் நிற்கும். விரலால் தடவிப் பார்த்தாலே இடைவெளி இருக்கிறதா என்று தெரிந்துவிடும். அங்கே ஒரு குண்டூசி குத்தித் தைத்தால் சந்திப்பு விலகாது. இந்த ஒரு வித்தையைக் கற்றுக்கொள்ளத்தான் நைன் பேட்ச் வேண்டும். பின்னால் எந்த பிளாக்குக்குப் போனாலும் இது கூட வரும்.

அதன் குறை என்னவென்றால், பிளாக்குகளின் அளவு வேறுபட்டால் வெட்டிச் சரிசெய்ய முடியாது. ஒரு பக்கம் நறுக்கினால் அந்த ஓரத்துச் சதுரங்கள் மட்டும் சிறுத்துப்போய்க் காட்டிக்கொடுக்கும். இதற்கு நல்ல வழி, நைன் பேட்ச் பிளாக்குகளுக்கு இடையில் ஒன்றுவிட்டு ஒன்று வெற்றுச் சதுரங்களை வைப்பது. 36 × 45 இன்ச் போர்வைக்கு 9 இன்ச் பிளாக் இருபது தேவை. அதில் பத்து மட்டும் நைன் பேட்ச், மீதி பத்து 9½ இன்ச் முழுத்துணி. தையல் வேலை பாதியாகிவிடும். பிளாக்குக்கும் பிளாக்குக்கும் இடையில் கோடுகளைப் பொருத்துகிற தலைவலியும் இருக்காது. உங்கள் பிளாக்குகள் எல்லாம் ஒரே மாதிரி 9¼ இன்ச்சாக வந்துவிட்டால் முழுத்துணியையும் 9¼ இன்ச்சாக வெட்டிவிட வேண்டியதுதான். யாருக்குத் தெரியப் போகிறது?

மெஷினில் தைக்கிறவருக்கு என் தேர்வு ரெயில் ஃபென்ஸ். மூன்று பட்டைகளைப் பக்கத்தில் பக்கத்தில் தைத்தால் பிளாக் ஆயிற்று. உள்ளே எந்தச் சந்திப்பும் இல்லை. ஒரு பிளாக்கைக் கிடைமட்டமாகவும் அடுத்ததைச் செங்குத்தாகவும் வைத்து இணைக்கும்போது, ஒன்றின் தையல் கோடுகள் மற்றதன் நீளமான பட்டையில் போய் முட்டிக்கொள்கின்றன. அங்கேயும் பொருத்த வேண்டியது பிளாக்கின் மூலைகளை மட்டும்தான்.

செய்முறை இப்படி. மூன்று நிறங்களில் 2½ இன்ச் அகலத்தில், துணியின் முழு அகலத்துக்கும் பட்டை வெட்டுங்கள். மூன்றையும் நீளவாக்கில் தைத்தால் 6½ இன்ச் அகலமுள்ள ஒரு நீளத் துண்டு கிடைக்கும். அதை 6½ இன்ச்சுக்கு ஒன்றாக நறுக்கினால் சதுர பிளாக்குகள். 42 இன்ச் நீளப் பட்டையில் ஆறு தேறும். உங்கள் தையல் தள்ளிப்போய், தைத்த துண்டு 6¼ இன்ச் அகலம்தான் வந்தது என்றால், 6¼ இன்ச்சுக்கு ஒன்றாக நறுக்குங்கள். பிளாக் சதுரமாகவே இருக்கும். பிசகு அங்கேயே தீர்ந்துவிட்டது. நைன் பேட்ச்சை விட்டு இதைச் சொல்வதற்கு எனக்கு இந்த ஒரு காரணமே போதும். துண்டு துண்டாகக் குட்டிச் சதுரங்களைக் கையாளாமல் நீளமாக ஓட்டித் தைப்பதால், நேராகத் தைக்கப் பழகுவதும் இதில்தான் வேகமாக நடக்கிறது.

6 இன்ச் பிளாக் ஆறுக்கு ஏழு என்று நாற்பத்திரண்டு தைத்தால் 36 × 42 இன்ச் வரும். அதற்கு ஒவ்வொரு நிறத்திலும் ஏழு பட்டை, அதாவது 17½ இன்ச் துணி. 42 இன்ச்சுக்குக் குறையாத அகலமுள்ள துணியில் நிறத்துக்கு அரை மீட்டர் எடுத்தால் கொஞ்சம் மிச்சமும் இருக்கும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. நீளப் பட்டைகளை எல்லாம் ஒரே முனையிலிருந்து தைத்துக்கொண்டே போனால் துண்டு வில் மாதிரி வளையும். முதல் தையலை ஒரு முனையிலிருந்து தைத்தால் அடுத்ததை எதிர்முனையிலிருந்து தையுங்கள். இஸ்திரிப் பெட்டியையும் துணி மேல் இழுத்துத் தேய்க்காமல், வைத்து அழுத்தி எடுத்து அடுத்த இடத்தில் வைக்க வேண்டும்.

ரெயில் ஃபென்ஸுக்கு இன்னொரு பலவீனம் உண்டு: தனியாக ஒரு பிளாக்கைப் பார்த்தால் ஒன்றுமே இல்லை, மூன்று கோடு, அவ்வளவுதான். நாலு பிளாக்காவது சேர்ந்தால்தான் வேலி தெரியும். ஒன்பது சேர்ந்தால் படிக்கட்டு தெரியும். அதனால் ஒரே ஒரு பிளாக்கைத் தைத்துக் குஷன் உறையாக்கலாம் என்று நினைக்கிறவருக்கு இது ஏமாற்றம் தரும்.

அந்த இடத்தில் லாக் கேபின் வருகிறது. நடுவில் ஒரு சதுரம், அதைச் சுற்றிச் சுற்றிப் பட்டைகள். பழைய குவில்ட்களில் நடுச் சதுரம் பெரும்பாலும் சிவப்பாக இருக்கும். வீட்டின் அடுப்பங்கனல் என்று அதற்கு விளக்கம் சொல்வார்கள். ஒரு மூலையை ஒட்டிய இரண்டு பக்கங்களில் வெளிர்நிறப் பட்டை, மற்ற இரண்டில் அடர்நிறம். முடிந்த பிளாக் குறுக்காக வெளிச்சம் பாதி, நிழல் பாதி என்று பிரிந்து நிற்கும். இந்த பிளாக்குகளைத் திருப்பித் திருப்பி வைத்தாலே வைரம், சாய்ந்த உழவுச்சால் என்று வேறு வேறு வடிவங்கள் கிடைக்கும். தைத்து முடித்தபின் தரையில் பரப்பிவைத்து விளையாடுவதற்கு இதைவிடச் சிறந்த பிளாக் எனக்குத் தெரியாது.

பதிமூன்று துண்டு என்றதும் மிரள வேண்டாம். இதிலும் சந்திப்புகள் கிடையாது. நடுச் சதுரத்தை 2½ இன்ச்சாகவும் பட்டைகளை 1½ இன்ச் அகலமாகவும் வெட்டி மூன்று சுற்று தைத்தால் 8½ இன்ச் வரும், இணைத்தபின் 8 இன்ச் தெரியும். ஒரு பிளாக்குக்கு வெளிர்நிறப் பட்டை மொத்தம் 30 இன்ச் நீளம், அடர்நிறம் 36 இன்ச். பழைய சட்டை, மீந்துபோன ஓரத்துணி, கட்பீஸ் எதுவும் இதில் செல்லும். ஒரே துணி நிறைய இல்லாதவர்களுக்கான பிளாக் என்றே சொல்லலாம்.

ஆனால் நான் முதலில் சொன்ன ¾ இன்ச் இங்கேதான் வேலையைக் காட்டும். பட்டைகளின் நீளத்தைக் கணக்குப்படி 2½, 3½, 4½ இன்ச் என்று முன்கூட்டியே வெட்டி வைத்திருந்தால், மூன்றாவது சுற்றுக்குப் போகும்போது பட்டை நீளமாகவும் பிளாக் குட்டையாகவும் இருக்கும். பட்டையைச் சுருக்கிப் பொருத்தித் தைத்தால் பிளாக்கின் விளிம்பு அலை அலையாகத் தூக்கிக்கொண்டு நிற்கும். எனவே ஒவ்வொரு சுற்றிலும் பிளாக்கை அதன் நடுவாக அளந்து, அந்த நீளத்துக்குப் பட்டையை வெட்டித் தைக்க வேண்டும். இது கொஞ்சம் நிதானம் கேட்கிற வேலை. அடுத்த பட்டை எந்தப் பக்கம் என்ற குழப்பமும் வரும். முதல் சுற்று முடிந்தபின் அதற்கு ஒரு அடையாளம் இருக்கிறது: எந்த விளிம்பில் இரண்டு தையல் கோடுகள் வந்து முட்டுகின்றனவோ, அடுத்த பட்டை அங்கேதான். மடிப்புகளை எப்போதும் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகவே சாயுங்கள்.

குஷன் உறைக்கு அளவு வேண்டுமென்றால்: நடுச் சதுரம் 4½ இன்ச், பட்டைகள் 2½ இன்ச், மூன்று சுற்று. தெரிகிற அளவு 16 இன்ச். ஒரே பிளாக்கில் வேலை முடிந்தது, பார்க்கவும் முழுமையாக இருக்கும்.

பின்வீல், அதாவது காற்றாடி, படத்தில் பார்த்தவுடன் ஆசை காட்டும். எட்டு முக்கோணம்தான். ஆனால் சதுரத்தைக் குறுக்காக வெட்டியதும் அந்த விளிம்பு கிராஸாகிவிடுகிறது, அதாவது இழைகளுக்குச் சாய்வாகிவிடுகிறது. நேர்இழையில் வெட்டிய விளிம்பு இழுபடாது, கிராஸில் வெட்டியது கைபட்டாலே நீளும். போதாததற்கு எல்லா முனைகளும் நடுவில் ஒரே புள்ளியில் கூடுகின்றன. பிசகு ஒளிந்துகொள்ள இடமே இல்லாத பிளாக் இதுதான். அப்படியும் இதுதான் வேண்டும் என்றால் முக்கோணமாக வெட்டித் தைக்காதீர்கள். வெளிர் சதுரமும் அடர் சதுரமும் ஒன்றின் மேல் ஒன்று வைத்து, மூலைக்கு மூலை கோடு போட்டு, கோட்டின் இரு பக்கமும் ¼ இன்ச் தள்ளித் தைத்து, பிறகு கோட்டில் வெட்டுங்கள். இரண்டு நிறச் சதுரங்கள் இரண்டு கிடைக்கும். 4 இன்ச் தெரிய வேண்டுமென்றால் கணக்குப்படி 4⅞ இன்ச் வெட்டினால் போதும். நான் 5 இன்ச்சாக வெட்டி, தைத்தபின் 4½ இன்ச்சுக்கு நறுக்குவதையே சொல்வேன். கொஞ்சம் துணி வீணாகும், போகட்டும்.

கையால் தைக்கிறவர்களுக்கு மேலே சொன்ன வரிசை தலைகீழாகும். ரெயில் ஃபென்ஸின் மொத்த லாபமும் நீளமாகத் தைத்துக் குறுக்கே நறுக்குவதில் இருக்கிறது. 2 மில்லிமீட்டர் நீளத்தில் விழுந்த மெஷின் தையலை நறுக்கினால் பிடித்துக்கொண்டு நிற்கும். கையால் போட்ட ஓட்டுத்தையலை நறுக்கினால் முடிச்சு போய்விடும், முனையிலிருந்து பிரிந்துகொண்டே வரும். அதே சமயம் கைத்தையலில் துணியின் உள்பக்கத்தில் தையல் கோட்டையே பென்சிலால் வரைந்துகொண்டு அதன் மேல் தைக்கிறோம். வெட்டு விளிம்பு கோணல்மாணலாக இருந்தாலும் பரவாயில்லை, கோடு சரியாக இருந்தால் போதும். 3 இன்ச் அட்டைச் சதுரம் ஒன்று, ஒரு கத்தரிக்கோல், ஊசி நூல். நைன் பேட்ச்சுக்கு இவ்வளவு போதும். வரைந்த கோட்டின் மூலைக்கு மூலை குண்டூசி குத்திப் பொருத்திவிட்டால் சந்திப்புகள் மெஷினைவிடக் கச்சிதமாக வரும். முக்கோணங்கள்கூடக் கையில் அவ்வளவு முரண்டு பிடிக்காது.

கருவிகளும் முடிவை மாற்றும். சக்கரம்போல் சுழலும் கத்தி கொண்ட ரோட்டரி கட்டரை ஓல்ஃபா நிறுவனம் 1979-இல் கொண்டுவந்தது. அதுவும், அதற்கான பாயும், கோடு போட்ட கனமான ஸ்கேலும் இருந்தால் பட்டை வெட்டுவது ஒரு வேலையே இல்லை. ரெயில் ஃபென்ஸும் லாக் கேபினும் அப்போதுதான் சுகம். வெறும் கத்தரிக்கோலால் 42 இன்ச் நீளத்துக்கு ஒரே சீரான அகலத்தில் வெட்டுவது பழகிய கைக்கே சிரமம். எனவே கட்டர் இல்லாதவர் மெஷினில் தைத்தாலும் சதுரங்களுக்கே, அதாவது நைன் பேட்ச்சுக்கே போவது நல்லது.

துணியைப் பொறுத்தவரை பிளாக்குக்கு பிளாக் பெரிய வித்தியாசம் இல்லை. ஒரே கனமுள்ள சாதாரண நெசவுப் பருத்தி போதும். வழுக்குகிறதும் இழுபடுகிறதும் வேண்டாம். சாயம் போகிற துணியை முன்பே அலசிக் காயவைத்துவிடுங்கள். பெரிய பூப்போட்ட துணி லாக் கேபினின் 1 இன்ச் பட்டையில் அடையாளம் தெரியாமல் போய்விடும். அதை நைன் பேட்ச்சுக்கு இடையில் வரும் வெற்றுச் சதுரங்களுக்கு வைத்துக்கொள்ளலாம். எது அடர், எது வெளிர் என்று சந்தேகம் வந்தால் போனில் கறுப்பு-வெள்ளைப் படம் எடுத்துப் பாருங்கள். நிறம் மயக்கும், அந்தப் படம் மயக்காது.

இவ்வளவுக்குப் பிறகும் ரெயில் ஃபென்ஸா நைன் பேட்ச்சா என்று மெஷினுக்கு முன்னால் உட்கார்ந்து தடுமாறுகிறவர் இரண்டையும் ஒரே துணியில் தைத்துப் பார்க்கலாம். 2½ இன்ச் பட்டைகளில் அடர் மூன்று, வெளிர் மூன்று வெட்டுங்கள். நிறத்துக்குக் கால் மீட்டர் போதும். அடர்-வெளிர்-அடர் என்று ஒரு துண்டு, வெளிர்-அடர்-வெளிர் என்று இன்னொன்று தையுங்கள். அவற்றை 6½ இன்ச்சுக்கு நறுக்கினால் அது ரெயில் ஃபென்ஸ். 2½ இன்ச்சுக்கு நறுக்கினால் அதுவே நைன் பேட்ச்சின் ஒரு வரிசை. முதல் துண்டிலிருந்து ஆறு குறுகிய வரிசை, இரண்டாவதிலிருந்து மூன்று: மூன்று நைன் பேட்ச் ஆயிற்று. ஒவ்வொரு துண்டிலும் மீதியிலிருந்து மும்மூன்று ரெயில் ஃபென்ஸ். இரண்டு வகையும் தைத்து முடிந்தால் 6 இன்ச்தான் என்பதால் ஒன்றோடொன்று இணையும். ஒன்பது பிளாக்கையும் மூன்றுக்கு மூன்றாக வைத்தால் 18 இன்ச் சதுரம், ஒரு குஷன் உறையின் முகப்பு. அதைத் தைத்து முடிப்பதற்குள், கோடுகளைப் பொருத்துவதில் உங்கள் கைக்குப் பிரியமா, நீளமாக ஓட்டிக்கொண்டே போவதில் பிரியமா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். போர்வைக்குத் துணியை அதன் பிறகு எடுங்கள்.